பள்ளத்துக்கு ஒரு கோபுரம்

பூட்டுக்காரரின் அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கையில் சிவப்புப் பேனாவோடு, நாற்காலியிலிருந்து இடப்பக்கமாகச் சரிந்தார். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கை. விழும்போதும் பேனாவை விடவில்லை. சத்தம் கேட்டு அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தார். போனை எடுத்தார். அதில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பள்ளத்தில் யார் போனிலும் எந்த நாளும் கோடு இருந்ததில்லை.

பள்ளம் என்பது பட்டப்பெயர் இல்லை, உள்ளபடியே பள்ளம்தான். ஒரு காலத்தில் அது கல் குவாரி. நகரத்தின் பெரிய கட்டடங்களுக்கெல்லாம் கல் கொடுத்த குழி. கல் தீர்ந்ததும் குழியில் மனிதர்களைப் போட்டு நிரப்பினார்கள். நானூறு குடும்பங்கள். தண்ணீர் வந்தது, கரண்ட் வந்தது, ஓட்டுக் கேட்க ஆட்களும் வந்தார்கள். போன் அலை மட்டும் தலைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, ஏழைச் சொந்தக்காரன் வீட்டு வாசலைக் கடக்கும் பணக்காரனைப் போல, கீழே பார்க்காமல். யாரோடாவது பேச வேண்டுமென்றால் நூற்றுப் பதினான்கு படி ஏறி, மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தையல்காரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. நூற்றுப் பதினான்கு படியும் ஏறினார். ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா பிழைத்தார். இடது கையும் இடது காலும் பிழைக்கவில்லை.

"ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா கை, கால் தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார்.

பூட்டுக்காரர் கோபப்படத் தெரியாதவர் அல்ல. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாதவர். அவர் போன் கம்பெனிக்குப் போனார். அங்கே இருந்தவர் சுறுசுறுப்பான மனிதர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தாராளமா வெக்கலாம், மூணு வாரத்துல நட்டுடுவோம். வாரியத்துல அனுமதி மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பூட்டுக்காரர் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

கோபுர வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. மனுப் பிரிவில் ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை, காதில் ஒரு பென்சில், முகத்தில் நல்ல சிரிப்பு. கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"எங்க ஏரியாவுக்கு ஒரு டவர் வேணும்னு எழுதிக் குடுக்கணும் சார்."

"டவர்னு எதுவும் இங்க கிடையாது. 'உயர்நிலை அலைத்தொடர்புக் கட்டமைப்பு'ன்னு எழுதுங்க. காரணம்?"

பூட்டுக்காரர் அக்காவைப் பற்றிச் சொன்னார். எழுத்தர் உச்சுக் கொட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அப்ப 'மருத்துவத் தேவை' பிரிவு. சீக்கிரம் முடியற பிரிவு அது. சரி, சிக்னல் இல்லைங்கறதுக்கு ஆதாரம் என்ன?"

"வந்து பாருங்க சார்."

"வர்றதுக்கு நீங்க போன் வழியா மனு அனுப்பணும். சிக்னல் இல்லாத அந்த இடத்துல நின்னுக்கிட்டே அனுப்பணும். அப்பதான் எந்த இடம்னு எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

"சிக்னல் இல்லாத இடத்துலேர்ந்து எப்படி சார் அனுப்பறது?"

எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு கனிவாகக் கேட்டார்: "முயற்சி பண்ணிப் பார்த்தீங்களா?"

பூட்டுக்காரர் முயற்சி பண்ணினார். முதலில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'நீங்கள் நிற்கும் இடத்தில் சிக்னல் சிறப்பாக உள்ளது. வாழ்த்துகள்.' அப்புறம் பள்ளத்தில், மொட்டை மாடியில், தையல்காரம்மா துணி காயப்போடும் கொம்பின் நுனியில் போனைக் கட்டி உயர்த்தினார். எதிர்வீட்டுப் பெயிண்டர் தன்னுடைய உயர ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, மேலே ஏறி நின்று, மனுவை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்தார். தெருவே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. பத்தொன்பதாம் நாள் ஏதோ ஒரு நொடியில் ஒரு கோடு வந்தது, மனு போயிற்று. பெயிண்டர் ஏணியிலிருந்தே கை தட்டினார். கீழே குழந்தைகள் குதித்தன.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'தாங்கள் குறிப்பிட்ட இடத்திலிருந்தே தங்கள் மனு போன் வழியாகப் பெறப்பட்டிருப்பதால், அவ்விடத்தில் சிக்னல் இருப்பது தெளிவு. எனவே கோபுறம் தேவையில்லை.'

அக்கா கடிதத்தை வலது கையில் வாங்கிப் பார்த்தார். பேச்சு கொஞ்சம் குழறும், கண் குழறாது.

"கோபுறமா? வல்லின 'ற' போட்டிருக்கானே. இவனுக்கெல்லாம் யாருடா வேலை குடுத்தது?"

"அதை விடுக்கா. முடியாதுன்னுட்டாங்களே."

"முடியாதுன்னு சொல்றதையாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா?"

ஒரு பக்கக் கடிதத்தில் பதினோரு பிழை. சிவப்பு மையில் எல்லாவற்றையும் திருத்தி, ஓரத்தில் குறியும் போட்டு, திருப்பி அனுப்பச் சொன்னார். அக்கா படுத்த பிறகு சிரித்தது அன்றைக்குத்தான் என்பதால் பூட்டுக்காரரும் அனுப்பிவைத்தார். எட்டே நாளில் பதில். வாரியத்தின் வரலாற்றில் அவ்வளவு விரைவாக எதுவும் நடந்ததில்லை என்று எழுத்தர் பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

'தங்கள் திருத்தங்கள் நன்றியுடன் ஏற்கப்பட்டன. பிழை நீக்கப்பட்ட நிராகரிப்புக் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'

மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதை எழுத்தரே சொல்லிக் கொடுத்தார். அதன்பேரில் ஓர் ஆய்வுக் குழு வந்தது. நான்கு பேர், ஒரு கருவி. கருவியை வேலை செய்ய வைக்க சிக்னல் வேண்டியிருந்ததால் அதைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் வேறொரு வழியில் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். 'இப்பகுதியிலிருந்து சிக்னல் இல்லை என்று கடந்த ஐந்தாண்டுகளில் வாரியத்தின் புகார் எண்ணுக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. மக்கள் திருப்தியாக இருப்பதாகத் தெரிகிறது. எனினும், மனுதாரர் ஒருவர் மட்டும் விடாப்பிடியாக இருப்பதால், பொதுமக்கள் கருத்தைக் கேட்கலாம்.'

பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு குளிரூட்டப்பட்ட அரங்கில் நடந்தது. அறிவிப்பைப் போன் குறுஞ்செய்தியாக அனுப்பியிருந்தார்கள். ஆகவே பள்ளத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்: பூட்டுக்காரர், தையல்காரம்மா, வேலையை விட்டுவிட்டு வந்த பெயிண்டர். பள்ளத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி இருக்கும் மேட்டு வளாகத்திலிருந்து இருநூறு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் குறுஞ்செய்தி கிடைத்திருந்தது, நினைவூட்டலோடு சேர்த்து.

முதலில் வளாகச் சங்கத் தலைவி பேசினார்.

"எங்க ஜன்னலைத் திறந்தா இப்ப எதுவுமே தெரியாது. அந்த எதுவுமில்லாததுக்காகத்தான் நாங்க அந்த வீடுகளையே வாங்கினோம். அதுல கொண்டாந்து ஒரு இரும்புக் கம்பியை நட்டா, எங்க பிள்ளைங்க எதைப் பார்த்து வளரும்?"

பலத்த கைதட்டல். அடுத்து ஒருவர் அலைகளின் தீமை பற்றிப் பேசினார். அலைகள் தூக்கத்தைக் கெடுக்கும், ஞாபக சக்தியைத் தின்னும், குடும்பங்களைப் பிரிக்கும் என்றார். எல்லாவற்றையும் போனைப் பார்த்துத்தான் படித்தார். நடுவில் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன், டவர் வேணாம்னு பேசிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, ஞாபக சக்தியில் விட்ட இடத்தைத் தேடினார்.

கடைசியில் வாரியத் தலைவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, தழைந்த குரல், எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினாறு வருஷம் ஆகுது. பதினாறு வருஷம். இதுவரைக்கும் ஒரு தப்பான இடத்துலகூட நாங்க கோபுரம் வெச்சதில்லை. ஒரு இடத்துலகூட."

அரங்கம் அதிர்ந்தது. பூட்டுக்காரர் பக்கத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த எழுத்தரிடம் குனிந்து கேட்டார்: "சரியான இடத்துல எத்தனை வெச்சிருக்காங்க சார்?"

"வாரியம் இன்னும் ஒண்ணும் வெக்கலை."

"அப்ப மேட்டுல நிக்கற டவர்?"

"அது வாரியம் வர்றதுக்கு முன்னாடியே வெச்சது. அப்படி யாரையும் கேட்காம வெச்சுடக் கூடாதுன்னுதான் வாரியமே வந்துச்சு."

தலைவர் தொடர்ந்தார். "சில பேர் அவசரம், அவசரம்ங்கறாங்க. உயிர் போற விஷயம்ங்கறாங்க. நான் கேட்கறேன், உயிர் போற விஷயம்னா யாரைக் கூப்பிடணும்? ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். வாரியத்தைக் கூப்பிட்டா எப்படி?"

பூட்டுக்காரர் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "அதைத்தான் ஐயா கேட்கறோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் டவர் கேட்கறோம்."

தலைவர் புன்னகையோடு தலையசைத்தார். கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவாகியது: 'ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும் என்ற தலைவரின் கருத்தோடு மனுதாரரும் உடன்பட்டார்.'

ஆனாலும் வாரியம் நியாயம் தவறாதது என்று காட்ட வேண்டியிருந்தது. ஆகவே காட்சி அழகு அலுவலர் என்பவர் ஒரு வழி சொன்னார். கோபுரம் வந்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க, அது நிற்கப்போகும் நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு பெரிய சிவப்புப் பலூனைக் கயிறு கட்டிப் பறக்கவிடலாம். மூன்று நாள் பறக்கும். மக்கள் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லட்டும்.

பலூன் பறந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு எதிர்ப்புகள் வந்தன, எல்லாம் பலூனுக்கு. உறுத்துகிறது, நிழல் விழுகிறது, நாய் குரைக்கிறது. பலூனை இறக்கலாம் என்றால், ஏற்றுவதற்குத்தான் அனுமதி இருந்தது, இறக்குவதற்கு இல்லை. அதற்கு ஒரு கோப்பு தனியாகப் போட்டார்கள். கோப்பு திரும்புவதற்குள் பலூன் தானே சுருங்கி, ஒரு நாள் மத்தியானம் பெயிண்டர் வீட்டுக் கூரைமேல் வந்து படுத்துக்கொண்டது. காட்சி அழகு அலுவலர் தன் அறிக்கையில், பலூன் ஊதா நிறத்தில் இருந்திருந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்று எழுதினார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான் நல்ல சேதி இருந்தது. கோபுரம் கோபுரமாகத் தெரியாமல் மரம் மாதிரித் தெரிந்தால் வாரியத்துக்கு ஆட்சேபணை இல்லை. போன் கம்பெனிக்காரர், "அதுக்கென்ன, இலை வெச்சுக் குடுத்துடறோம்" என்றார். பூட்டுக்காரர் அன்றைக்கு அக்காவுக்கு இனிப்பு வாங்கிப் போனார்.

இனிப்பு தீர்வதற்குள் தோட்டத் துறையிலிருந்து ஓலை வந்தது. குடியிருப்புப் பகுதியில் எந்த மரமும் ஒன்பது மீட்டருக்கு மேல் வளரக் கூடாது, வளர்ந்தால் வெட்டப்படும்.

பூட்டுக்காரர் தோட்டத் துறைக்கு ஓடினார். "இது மரம் இல்லைங்க, இரும்பு."

"மரம் மாதிரி இருக்கணும்னு ஒத்துக்கிட்டீங்களா, இல்லையா?"

"ஒத்துக்கிட்டோம்."

"பார்க்க மரம்னா வெட்டவும் மரம்தான். பார்க்கறவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்க முடியுமா?"

போன் கம்பெனிக்காரர் ஒன்பது மீட்டர் என்றதும் வரைபடத்தைச் சுருட்டிவிட்டார். "முப்பது மீட்டர் பள்ளத்துல ஒன்பது மீட்டர் டவர் நட்டா, அது துணி காயப்போடத்தான் ஆகும் அண்ணே."

எழுத்தர்தான் மறுபடி கைகொடுத்தார். ஒரு வாரம் வீட்டுக்குச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படித்து, பட்டுப்போன மரத்துக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு வந்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. இலை வேண்டாம், சாம்பல் நிறம் பூசி, இரண்டு மொட்டைக் கிளை வைத்தால் போதும். இதற்குத் தோட்டத் துறை ஒரு சான்று தர வேண்டும். இன்னும் நடாத கோபுரம் ஏற்கெனவே பட்டுவிட்டது என்று. நான்கு மாதத்தில் அதையும் கொடுத்தார்கள்.

"பட்ட மரம்தான் வேணும்னா என்னையே தூக்கி நட்டுடச் சொல்லுடா" என்றார் அக்கா. ஒரு பக்க உதட்டால்தான் சிரிக்க முடிந்தது. பூட்டுக்காரரால் அதுவும் முடியவில்லை.

மனு கொடுத்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார். உண்மையாகவே போட்டார், எழுத்தர் தன் கண்ணால் பார்த்தார். அனுமதி ஆணை ஓர் இரும்பு அலமாரிக்குள் போயிற்று, அனுப்பும் பிரிவின் அலமாரி. மறுநாள் அதன் சாவியை வைத்திருந்த அலுவலர் 'விரைவான மக்கள் சேவை' என்னும் எட்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டார், சாவியோடு.

பூட்டுக்காரர் போனபோது எழுத்தர் அந்த அலமாரி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். "ஆணை உள்ளதான் இருக்கு. கையெழுத்துப் போட்டு, முத்திரை வெச்சு, உங்க பேர் எழுதி. பூட்டு திறக்கற ஆள் யாராவது கிடைப்பாங்களான்னு காலையிலேர்ந்து பார்க்கறோம்."

"சார், நான் பூட்டுக்காரன்."

எழுத்தருக்கு அது இத்தனை நாள் தெரியாது. மனுவில் தொழில் என்ற கட்டம் இல்லை.

பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்தார். சாதாரண ரகம். நாற்பது விநாடி வேலை. தோளில் இருந்த பையில் இரண்டு வளைந்த கம்பி இருந்தது, ஒன்று போதும். எழுத்தர் செயலரிடம் கேட்டுவிட்டு வருவதாக உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அங்கீகரிக்கப்பட்ட பூட்டுக்காரர் பட்டியல்ல உங்க பேர் இல்லையாம்."

"சேர்த்துக்கக் கூடாதா?"

"அதுக்கு உங்களை எந்த நேரமும் போன்ல பிடிக்க முடியணுமாம்." எழுத்தர் தரையைப் பார்த்தார். "அதுவுமில்லாம நீங்க மனுதாரர். மனுதாரரே அலமாரியைத் திறந்தா ஆணை செல்லாமப் போயிடும். எட்டு வாரம்தானே. இத்தனை நாள் பொறுத்தீங்க."

பூட்டுக்காரரின் வலது கை பைக்குள் போய்க் கம்பியைத் தொட்டது. வாழ்க்கையில் அவர் சொந்தக்காரர் சொல்லாமல் ஒரு பூட்டைத் திறந்ததில்லை. அதுதான் அவருடைய தொழிலின் மானம். கையை வெளியே எடுத்தார். வீட்டுக்குப் போனார்.

ஆறாவது வாரம், காலைப் பலகாரத்துக்குப் பிறகு, அக்காவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. இந்த முறை பூட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். தையல்காரம்மாவை அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினார். நூற்றுப் பதினான்கு படி. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு முட்டி, பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் எண்ணில் போனை எடுத்த பெண், "பதறாம சொல்லுங்க, நோயாளி இருக்கற இடத்தோட லொக்கேஷனை அனுப்புங்க" என்றாள். நோயாளி இருக்கிற இடத்திலிருந்து எதையும் அனுப்ப முடியாது. தான் நிற்கும் இடத்தைத்தான் அனுப்ப முடிந்தது. ஆம்புலன்ஸ் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நின்றது. அங்கிருந்து படுக்கையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

அவர்கள் வந்தபோது தையல்காரம்மா அக்காவின் வலது கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "இப்பதான்" என்றார். "நீ அந்தப் படியில திரும்பற நேரம் இருக்கும். உன்னைத்தான் கேட்டாங்க."

எல்லாம் முடிந்து மூன்று வாரம் பூட்டுக்காரர் எந்த வேலைக்கும் போகவில்லை. யாராவது பேசினால் கேட்டுக்கொண்டார். நாற்பது விநாடி என்று நடுநடுவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெயிண்டர்தான் கடைசியில் கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, அலமாரியைத் திறந்திருப்பாங்க. அக்காவுக்காக ஓடினீங்க, சரி. மிச்ச ஆளுங்களுக்காவது அந்தக் காகிதத்தை வாங்கிட்டு வாங்க."

எழுத்தர் பூட்டுக்காரரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. கண் கலங்கியது. தன் தண்ணீர்ப் பாட்டிலையே எடுத்துக் கொடுத்தார். ஆணை மேசைமேல் இருந்தது. முத்திரை, கையெழுத்து, பெயர், எல்லாம் இருந்தது. பூட்டுக்காரர் கையை நீட்டினார். எழுத்தர் ஆணையின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இது மருத்துவத் தேவைப் பிரிவுல போட்ட மனு. ஆணை கைக்கு வர்ற தேதியில நோயாளி இருக்கணும். விதி அப்படி. இப்போ தேவை இல்லாமப் போச்சே."

"தேவை இல்லாமப் போச்சா?"

"சட்டப்படி."

பூட்டுக்காரர் உட்கார்ந்தார்.  பிறகு எழுத்தர் மேசைக்கு மேலாகச் சாய்ந்து, உதவி செய்யும் குரலில் கேட்டார்: "உங்க வீட்டுல வேற யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"வீட்டுல இப்ப நான் மட்டும்தான்."

"உங்களுக்கு? சுகர், பிரஷர் ஏதாவது?"

"ஒண்ணுமில்லை."

"அடடா" என்றார் எழுத்தர்.

செய்தி பள்ளத்தில் பரவியது. முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். எழுபத்தொரு வயது, நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர். "என் பேரைப் போடுப்பா. சும்மாதானே இருக்கேன்" என்று சொல்லி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பூட்டுக்காரரோடு வந்தார். எழுத்தர் அவரை மரியாதையாக உட்கார வைத்து, மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினார்.

"ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. மனு புதுசாதான் போகணும். முதல்லேர்ந்து எல்லாம் வரும். ஆய்வு, கூட்டம், பலூன். எப்படிப் பார்த்தாலும் மூணு வருஷம். டாக்டர் உங்களுக்கு எவ்வளவு சொல்லியிருக்கார்?"

"ரெண்டுன்னார்."

"அப்ப சிரமம்."

"மூணு இருந்து பார்க்கறேனே தம்பி" என்றார் டிரைவர். லாரியில் கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றிக்கொள்ளச் சம்மதிப்பவரைப் போலச் சொன்னார்.

"இருப்பீங்க ஐயா, நான் வேண்டாம்ங்கலை. ஆனா நடுவுல ஏதாவது ஆச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து. பாவம், இவர்தான் அலையணும்." எழுத்தர் பூட்டுக்காரரைப் பார்த்தார். "கொஞ்சம் சின்ன வயசா யாராவது இருந்தா நல்லது."

 திரும்பி வந்து படியிறங்கும்போது டிரைவர், "வயசைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

பள்ளத்தில் சின்ன வயதில் நோய் உள்ளவர்களைத் தேடுவது கஷ்டமாக இல்லை. பெயிண்டரின் மகளுக்கு ஆறு வயது. தூசி பட்டால் மூச்சு இழுக்கும். போன மாதம் ஒரு நாள் உதடு நீலம் பாரித்து, பெயிண்டர் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை படியும் ஏறியிருக்கிறார். பெயிண்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் பூட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் போய் வந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி குழந்தையைத் தலை வாரிக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"போலாம் அண்ணே. ஒண்ணு மட்டும் கேட்கறேன். இப்படி எழுதிக் குடுத்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"ஆகாதும்மா" என்றார் பூட்டுக்காரர். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

எழுத்தர் படிவத்தை வாங்கிப் படித்தார். நோயின் பெயர், மருத்துவரின் கையெழுத்து, எல்லாம் பொருந்தியிருந்தன. வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. மேசையைச் சுற்றி வந்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"ஆறு வயசு! இதை முதல்லயே கொண்டாந்திருக்கலாமே. இந்த மனு நிக்கும். சின்ன உடம்பு, தாங்கும்."

முத்திரையை ஓங்கிக் குத்தினார். எண் எழுதினார். சீட்டைக் கிழித்துத் தாயின் கையில் கொடுத்தார். அவர்கள் கதவுவரை போன பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பட்டு அறிந்தவர், அவர்களை இன்னொரு தடவை அலைய விடக் கூடாது என்றுதான் சொன்னார்.

"எதுக்கும் இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க யாருக்காவது இப்படி இருந்தா, அதுங்க பேர்லயும் ஒண்ணு போட்டு வெச்சுடுங்க."

தாய் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து இறுக்கிக்கொண்டாள். பூட்டுக்காரர் திரும்பி வந்து, இன்னொரு படிவம் வாங்கிக்கொண்டார்.